இரண்டு ஊர், ஒரு வயிறு

நான்சி ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்ற ஊரில் சாப்பிட்டால், திருச்சிப் பக்கம் ஆவூரில் அவள் கணவன் சந்தனராஜுக்கு வயிறு நிறைந்தது. சந்தனராஜ் ஆவூரில் சாப்பிட்டால் அங்கே நான்சிக்குப் பசி அடங்கியது. 2023 தை மாதக் கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இது இப்படித்தான் இருந்தது. அந்த வருடம் ஆவூர்க்காரர்களுக்குக் கடலையில் நல்ல விலை கிடைத்தது. மாத்தூர் ரோட்டில் புதிதாக ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. கல்யாணப் பூசை முடிந்ததும் பந்தலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே இலையில் சாப்பிடுவது சந்தனராஜ் வீட்டு வழக்கம். அவன் அண்ணன்மார் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது, அவர்கள் வயிறு அவரவரிடமே இருந்தது. இவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம், சந்தனராஜின் அம்மா அடைக்கலமேரி, "எம்மவன் அன்னிக்கி ரொம்பப் பசியில இருந்தான்" என்று மட்டும் சொன்னாள். ஊருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

சந்தனராஜ் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். ஆவூர் முக்கில் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி, மறுபடியும் கிணற்றில் இறக்கித் தண்ணீர் வரும்வரை அங்கேயே நிற்பான். தண்ணீர் வராமல் போகும் என்று அவன் எப்போதும் நினைத்ததில்லை. நான்சியின் அப்பா டேவிட் வாத்தியார் வீட்டு மோட்டாரை அப்படி ஒருமுறை இறக்கியபோதுதான், டூவூம்பாவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து வருடமாக நர்ஸ் வேலை பார்த்து, அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் வாங்கிவிட்டு, விடுமுறைக்கு வந்திருந்த நான்சி அவனைப் பார்த்தாள். மாலைவரை தண்ணீர் வரவில்லை. அவள் இரண்டு தடவை காபி கொண்டுவந்து கொடுத்தாள். இருட்டும் நேரத்தில் செம்மண் கலந்த தண்ணீர் குழாயில் பீய்ச்சியபோது சந்தனராஜ் அதை எதிர்பார்த்தவன் போலக் கையைத் துடைத்துக்கொண்டான். நான்சி அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மாதா கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. மூன்று வாரம் சேர்ந்திருந்தார்கள். எந்நேரமும் வயிறு முட்ட இருந்ததைக் கல்யாண விருந்தின் கணக்கில் வைத்தார்கள். பிறகு அவளுக்கு லீவு முடிந்தது.

அவள் போன நாலாம் நாள் காலையில் அடைக்கலமேரி சுட்ட தோசையைச் சந்தனராஜ் தள்ளி வைத்தான். பசிக்கவில்லை என்றான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அவனுக்கு ஓர் ஏப்பம் வந்தது. அதில் ஆவூரில் யாரும் சமைக்காத ஏதோ ஒன்றின் வாசம் இருந்தது, உப்பும் கசப்புமாக. அவன் நான்சிக்குப் போன் போட்டு, "கொஞ்ச முன்னாடி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டான். ரொட்டியில் இங்கே ஒரு கறுப்புப் பசை தடவுவார்கள், அதைத்தான் சாப்பிட்டேன் என்றாள் நான்சி. "அத இனிமே சாப்புடாத" என்றான் அவன். நான்சி திருப்பிச் சொன்னாள்: "நீங்களும் ராத்திரி எட்டு மணிக்கு மேல கொத்து புரோட்டா திங்கிறத விடுங்க. நெஞ்சு கரிக்குது. எனக்குக் காலைல டூட்டி."

இப்படித்தான் அவர்கள் குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள். முதலில் இருவரும் வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பிட்டதில் இருவருக்கும் உடம்பு ஊதியது. பிறகு பேசி வேளைகளைப் பிரித்துக்கொண்டார்கள். டூவூம்பாவுக்கு ஆவூரைவிட நாலரை மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடும். அங்கே அவள் மதியம் சாப்பிடுவது இங்கே அவனுக்குக் காலை டிபன் ஆனது. இங்கே அவன் மதியம் சாப்பிடுவது அங்கே அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு ஆனது. அவனுக்குத் தோட்டம் தோட்டமாக அலைகிற வேலை இருக்கும் நாளில் அவள் ஆஸ்பத்திரி கேண்டீனில் இரண்டாவது தட்டும் வாங்கினாள். அவளுக்கு மாதத்தில் வயிறு வலிக்கும் நாட்களில் அவன் மிளகாயைத் தொடவில்லை, உளுந்தங்கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். தான் சுட்ட தோசை வீணாகிறதே என்று முதலில் கோபப்பட்ட அடைக்கலமேரியும் வழிக்கு வந்தாள். "நாளைக்கி இவன் சூரியூர்ல மோட்டார் எறக்கப் போறான், நீ நல்லா நாலு வாய் சேத்து அள்ளிப் போட்டுக்க தாயி" என்று முதல் நாளே மருமகளுக்குச் சொல்லி வைத்தாள்.

முக்கில் டீக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமிக்குத்தான் இதில் நஷ்டம். காலையில் அவர் கடையில் ஐந்து இட்லியும் இரண்டு வடையும் சாப்பிட்டு வந்த ஆள் வெறும் டீயோடு எழுந்து போனான். தினமும் கேட்பார்.

"என்ன மாப்ள, ஆஸ்திரேலியாவுல இன்னைக்கி என்ன டிபன்?"

"சோறும் பருப்பும் மாமா. ஒரு ஆப்பிளும் இருக்கு போல."

"ஆப்பிளா! எந்தப் பொண்டாட்டி மாப்ள புருசனுக்கு ஆறாயிரம் மைலு தாண்டி ஆப்பிள் ஊட்டுறா? எங்க வீட்டுல அடுப்படியிலேருந்து நடைக்குத் தட்டு வர மாட்டேங்குது. நீ எதுக்குப்பா இன்னும் அந்த விசாவுக்கு அலையிற? இங்கிட்டு இருந்தே பொழப்பு ஓடுதுல்ல."

"வயிறு மட்டும் போயி என்ன மாமா பண்ண?" என்பான் சந்தனராஜ். "விசா வரும். பின்னாடியே மிச்சத்தையும் கொண்டுக்கிட்டுப் போயிருவேன்."

மனைவியோடு சேர்ந்து வாழ்வதற்கான விசாவுக்கு அவர்கள் அந்தச் சித்திரையிலேயே விண்ணப்பித்திருந்தார்கள். திருச்சி தில்லை நகரில் உதயசூரியன் என்பவர் விசா வேலைகள் பார்த்துக் கொடுத்தார். கீழே ஒரு மெஸ், மாடியில் அவர் அலுவலகம். உதயசூரியன் சொன்ன விஷயம் எளிமையானது. கல்யாணம் நடந்தது என்று காட்டினால் போதாது, அது உண்மையான கல்யாணம் என்றும், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுத்துவிடுவார்கள். மறுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேலும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ போகும். நான்சிக்கு அடுத்த ஆவணியில் முப்பத்தொன்று. அவளுக்குப் பிள்ளை வேண்டும். வயிற்றை எவ்வளவு தூரம் பகிர்ந்துகொண்டாலும் அதற்கு மட்டும் இருவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியிருந்தது. விசா கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலை அது என்பது சந்தனராஜுக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை அவன் வளர விடவில்லை.

உதயசூரியன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். முழுவதும் புரட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் நிற்கிற படம் அதில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு சித்தப்பா நின்றார், அல்லது ஓர் அத்தை பெண்ணின் தோளில் கை போட்டிருந்தார், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். பீடத்துக்கு முன்னால் எடுத்த படத்தில்கூட டேவிட் வாத்தியார் மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கல்யாணம் ஆன அன்னிக்கே தனியா நிக்க வச்சுப் படம் எடுத்தா கண்ணு பட்டுரும்ங்க" என்றாள் கூட வந்திருந்த அடைக்கலமேரி. உதயசூரியன் பெருமூச்சு விட்டு, போனில் பேசியதைக் காட்டச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. மற்ற கணவன் மனைவியர் ஒரு நாளில் மூன்று முறை 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டியா' என்று கேட்டு, அங்கிருந்து பேச்சைத் தொடங்கி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இவர்களுக்கு அதைக் கேட்கத் தேவையே இல்லாமல் போனதால் பேச்சுத் தொடங்குவதற்கே வழி இல்லாமல் இருந்தது. வாட்ஸப்பில் 'மெதுவா' என்று இருந்தது. 'போதும்' என்று இருந்தது. 'உப்பு ஜாஸ்தி', 'ஐஸ்கிரீமா?', 'இன்னொரு வாய்'. அவ்வளவுதான்.

"இத வச்சு நான் என்னத்தங்க காட்டுறது?" என்றார் உதயசூரியன். "இதப் பாத்தா புருசன் பொண்டாட்டி மாதிரியா இருக்கு? ஹோட்டல்ல சரக்கு மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் நடக்கிற பேச்சு மாதிரி இருக்கு."

சந்தனராஜ் வயிற்று விஷயத்தைச் சொன்னான். உதயசூரியன் கேட்டுக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இப்படி ஏதோ உண்டு, மனைவி துபாயில் தும்மினால் இவருக்கு இங்கே மூக்கடைக்கும் என்றார். ஆனால் விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "உங்க நல்லதுக்குச் சொல்றேன், அந்த வயித்து விஷயத்த மட்டும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லி, கிடைத்த காகிதங்களை அடுக்கி அனுப்பி வைத்தார். 'சேர்ந்து வாழ்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'தற்போது இல்லை' என்று அவரே பதில் எழுதினார்.

பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்கி வைக்கும் விபூதிப் புதன் அடுத்த வருடம் காதலர் தினத்தன்று வந்தது. ஆவூர்க் கத்தோலிக்கர் வீடுகளில் ஏதாவது ஒரு காரியம் இழுத்துக்கொண்டே போனால் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருந்து பெரியநாயகி மாதாவிடம் கேட்பார்கள். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, கறி மீன் கிடையாது. சந்தனராஜ் நெற்றியில் சாம்பலோடு கோயிலில் இருந்து வந்ததும் விசாவுக்காக ஒருசந்தி தொடங்கினான். மதியம் மட்டும் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டான். தான் விரதம் இருந்தாலும் நான்சி சாப்பிடுவது வயிற்றில் வந்து விழுமே, அது விரதத்தை முறிக்குமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டான். சாமியார் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாயில் போடாதது கணக்கில் வராது என்றார்.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. விபூதிப் புதனுக்கு மறுநாள் காலையில் டூவூம்பாவில் இருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்சியும் அங்கே ஒருசந்தி தொடங்கியிருந்தாள். அவன் ஆவூரில் மதியம் ஒரு வேளை சாப்பிடுகிறான், அது தன் வயிற்றுக்கும்தானே வருகிறது, அப்படியென்றால் அதுவே தன்னுடைய ஒரு வேளை என்று அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். அந்தத் தவக்காலம் முழுவதும் நான்சி வாயில் தண்ணீரும் டீயும் தவிர வேறு எதுவும் படவில்லை. சந்தனராஜ் இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் மதியச் சாப்பாடு மட்டும் மாறியது. நாளெல்லாம் வார்டில் நிற்கிறவள் என்று முருங்கைக்கீரை சேர்த்துக்கொண்டான், சுண்டல் சேர்த்துக்கொண்டான். பிடிக்காத பீட்ரூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அதைப் பார்த்த வெள்ளைச்சாமி, "ஒருசந்தி இருக்கிறவன் திங்கிற தீனியாய்யா இது!" என்றார். அது இரண்டு பேர் சாப்பாடு என்று தெரிந்ததும், கறிக் கணக்கில் வராது என்று சொல்லி ஓர் அவித்த முட்டையைக் கொண்டுவந்து இலையில் வைத்தார்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விசா அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். சந்தனராஜ் அப்போது ஒரு தோட்டத்தில், பாதி இறக்கிய மோட்டாரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கயிற்றைப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனை எடுத்தான். அதிகாரி ஒரு பெண்மணி. அவர் ஆங்கிலத்தில் கேட்பதை யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். எங்கே சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், மனைவி எந்த வார்டில் வேலை பார்க்கிறார் என்றெல்லாம் கேட்டார்கள். சந்தனராஜ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசியாக மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்கட மனைவி நேற்று இரவு என்ன சாப்பிட்டவா?"

இதைவிடச் சுலபமான கேள்வியை அவர்கள் கேட்டிருக்க முடியாது. சந்தனராஜுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நேத்து அவ ஒண்ணும் சாப்புடலைங்க" என்றான். "முந்தாநாளும் இல்ல. போன மாசத்துலேருந்தே ஒண்ணும் சாப்புடலை."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். சந்தனராஜ் திரும்பிப் போய் மோட்டாரை இறக்கினான். தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து, முடிந்தது, இனி விசாதான் என்று அம்மாவிடம் சொன்னான்.

அதே கேள்வியை அதே அதிகாரி அரை மணி நேரத்துக்கு முன் நான்சியிடம் கேட்டிருந்தார். நான்சி, சோறும் கோழிக் குழம்பும் என்று பதில் சொல்லியிருந்தாள். இரண்டு பதிலும் பொருந்தவில்லை, இந்தக் கல்யாணம் உண்மையானது என்று நம்பக் காரணம் இல்லை, நான்கு வாரத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும் என்று பெரிய வியாழன் அன்று அறிவிப்பு வந்தது. சந்தனராஜ் அதைப் படித்துவிட்டுக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தான். மதியம் ஆனது. அவன் எழுந்து சாப்பிடப் போகவில்லை. டூவூம்பாவில் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நான்சிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் உடனே போன் செய்தாள்.

"மொதல்ல சாப்புடுங்க."

"ஏன் நான்சி பொய் சொன்ன?"

"நோம்பு இருக்கேன்னு போயும் போயும் ஒரு கவர்மெண்ட் ஆபீசர்கிட்ட எப்படிங்க சொல்றது? விபூதிப் புதன் பூசையில வாசிச்சாங்கள்ல, நோம்பு இருக்கிறது வெளிய தெரியப்படாதுன்னு. தல சீவி, மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்கணும்னு. சட்டுனு வாய்ல வந்ததச் சொல்லிட்டேன்."

"எனக்காச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. சாப்பிட வராத மகனைத் தேடிக் கடைக்கு வந்திருந்த அடைக்கலமேரிக்கு மட்டும் கேட்பதற்கு ஒன்று இருந்தது. போனை மகன் கையிலிருந்து பிடுங்கி, "ஏன்டி, பொய்தான் சொல்ற, ஒரு ரசம், அப்பளம்னு சொல்லப்படாதா? தவக்காலத்துல கோழின்னா சொல்லுவ?" என்றாள். பெரிய வெள்ளியன்று பாஸ்கா நாடக மேடையில் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவளும் அழுதாள். அதில் பாதி ஆண்டவருக்கு, பாதி விசாவுக்கு.

உயிர்த்த ஞாயிறு தேர் முடிந்த மறுநாள் சந்தனராஜ் திருச்சிக்குப் போனான். உதயசூரியன் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் தமிழ் இவனுக்குப் புரியவில்லை, கேள்வியே தவறாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுதிவிடலாம். இதுபோல அவர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார், பலித்திருக்கிறது.

"அவரு சரியாத்தாங்க கேட்டாரு" என்றான் சந்தனராஜ். "தெளிவாக் கேட்டாரு. நானும் உள்ளதத்தான் சொன்னேன். அவரு பொழப்புல எதுக்குங்க நாம மண்ணப் போடணும்?"

"உங்க பொழப்புல மண்ணு விழுகுதே, பரவாயில்லையா?"

"விழுகாதுங்க. உள்ளத எழுதிப்புடுவோம்."

உள்ளதை நான்சி எழுதினாள். வார்டில் நோயாளிக்கு ரிப்போர்ட் எழுதுகிற அதே ஆங்கிலத்தில் எழுதினாள், எந்த நேரம் யார் சாப்பிட்டது, யாருக்குப் பசி அடங்கியது, எவ்வளவு நேரத்தில் என்று. கோழிக் குழம்பு பொய் என்றும், அதற்கு வருந்துவதாகவும், தவக்காலத்தில் தான் கோழி சாப்பிடுவதில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புவதாகவும் கடைசியில் எழுதினாள். மாமியார் அதைச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். உதயசூரியன் கையை உதறிக்கொண்டே அதை அனுப்பி வைத்தார்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் அழைத்தார்கள். நான்சி பிரிஸ்பேனில் உள்ள அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், சந்தனராஜ் உதயசூரியனின் அலுவலகத்தில் இருந்து வீடியோவில் வர வேண்டும், இருவரையும் ஒன்றாக விசாரிப்பார்கள். சந்தனராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே திருச்சியில் இருந்தான். அங்கே அது மதியம் தாண்டிய நேரம். திரையில் ஒரு மேசை தெரிந்தது, மேசைக்கு ஒருபுறம் நான்சி, மறுபுறம் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அந்த அதிகாரி, ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர். நான்சியின் உதடு வெளுத்திருந்தது. அதிகாரி காகிதங்களைப் புரட்டி முதல் கேள்வியைத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சந்தனராஜ் குறுக்கே பேசினான்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. அவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலை. பஸ்ஸுல வர்றப்பயும் சாப்புடலை. எனக்கே நிக்க முடியலை, அவளுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு வாய் சாப்புட்டுட்டு வாரேன்னு சொல்லுங்க. அப்புறம் என்ன வேணா கேக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அப்படியே சொன்னார். அதிகாரி நான்சியைப் பார்த்து, காலையில் இருந்து சாப்பிடவில்லையா என்று கேட்டார். நான்சி இல்லை என்று தலையசைத்தாள். பயத்தில் இறங்கவில்லை என்றாள். அதிகாரி மேசை இழுப்பறையில் இருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டாம், என் கணவர் அங்கே சாப்பிட்டுக்கொள்வார் என்றாள் நான்சி.

உதயசூரியன் அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, கீழே மெஸ்ஸில் ஒரு தட்டு வெண்பொங்கலும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு ஏறி வந்திருந்தார். சந்தனராஜ் கேமராவுக்கு முன்னால் தட்டை வைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். ஓர் அரசாங்க அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அவன் நான்சியின் முகத்தை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான். பிரிஸ்பேனில் அதிகாரியும் காகிதத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்த்தார். முதலில் வெளுத்த உதட்டுக்கு நிறம் திரும்பியது. பிறகு தோள் தளர்ந்தது. மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையை நான்சி மேசைமேல் வைத்தாள். சந்தனராஜ் அவசரத்தில் ஒரு பெரிய கவளத்தை மென்று முடிக்காமல் விழுங்கினான். நான்சிக்கு விக்கல் எடுத்தது.

அதிகாரி எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். நான்சி டம்ளரைத் தொடவில்லை. விக்கிக்கொண்டே திரையைப் பார்த்து, "தண்ணி குடிங்க" என்றாள். சந்தனராஜ் சொம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தான். விக்கல் நின்றது. அதிகாரியின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நெய்ய இவ்வளவு ஊத்திட்டாங்களே. போதும்ங்க, அடைக்குது" என்றாள் நான்சி.

"இந்த ஒரு வடைய மட்டும் தின்னுக்கிறேன்" என்றான் சந்தனராஜ்.

மொழிபெயர்ப்பாளர் இதையும் மொழிபெயர்த்தார். அது அவர் வேலை. அதிகாரி எடுத்து வைத்திருந்த கேள்விகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் கேட்டார். அதுவும் விண்ணப்பத்தில் ஏற்கெனவே பதில் எழுதப்பட்ட கேள்விதான்: நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா? "ஆமா" என்று திருச்சியில் இருந்து ஒரு குரலும் பிரிஸ்பேனில் இருந்து ஒரு குரலும் வந்தன. அதிகாரி பழைய பதிலை அடித்துவிட்டுப் பேனாவால் புதுப் பதிலை எழுதினார். எழுதி முடித்த பிறகு, அந்தப் பொங்கலில் என்னென்ன போடுவார்கள் என்று கேட்டார். நான்சி சொல்லச் சொல்லத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஆனி மாதம் விசா வந்தது. ஆடி பிறக்குமுன் சந்தனராஜ் கடைச் சாவியைப் பெரியண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். வெள்ளைச்சாமி காலையில் ஐந்து இட்லியும் இரண்டு வடையும் கட்டிக் கொடுத்து, "போற வழியில சாப்புடு, அந்தப் புள்ளைக்கும் ஆச்சு" என்றார். அடைக்கலமேரி ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள், அழுதாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். விமானத்தில் கொடுத்த சாப்பாடு சுமாராக இருந்தது என்பதை நான்சி வார்டில் இருந்தே தெரிந்துகொண்டாள். பிரிஸ்பேன் விமான நிலையத்துக்கு வெளியே குளிரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சந்தனராஜ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். அங்கே யாரும் நடுவில் வந்து நிற்கவில்லை. அதனால் முதல் தடவையாக அவர்கள் இருவர் மட்டும் இருக்கிற படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

டூவூம்பாவில் சந்தனராஜுக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் மோட்டார் எரிகிறது, அங்கேயும் காயில் கட்ட வேண்டியிருக்கிறது. போன முதல் நாள் நான்சி இரண்டு தட்டுப் போட்டாள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆசையாகச் சாப்பிட்டார்கள், அன்று மாலை வரை இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. அதிலிருந்து ஒரு தட்டுதான். அக்கம்பக்கத்தில் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் சாப்பிடுகிறார், மற்றவர் பேசிக்கொண்டிருக்கிறார்; அந்த ஊரில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த மாசியில் நான்சிக்கு நாள் தள்ளிப் போனது. வாந்தி மட்டும் சந்தனராஜுக்கு வருகிறது. கம்பெனியில் விஷயத்தைச் சொல்லி, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கியிருக்கிறான்.